ஏழாம் படியில் வைத்த பூ

"சாமி, எனக்கு எந்த ஆசையும் இல்லை. வர்ற பௌர்ணமிக்கு எனக்குக் காவி கொடுங்க."

கேட்டவள் சண்முகத்தாய். வயது ஐம்பத்திரண்டு. பெண்கள் மட்டும் வாழும் அந்த மலையடிவார மடத்தில் பதினோரு வருடமாகச் சமைப்பவள்.

எதிரே இருந்தவர் வடிவு சாமி. மடத்தின் குரு. அவளைவிடப் பதினான்கு வயது இளையவர்.

"எப்பலேர்ந்து அக்கா ஆசை இல்லை?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"எப்படிப் போச்சு?"

"தெரியலை சாமி. ஒரு நாள் காலைல எந்திரிச்சேன். எதுவும் வேண்டாம்னு இருந்துச்சு."

வடிவு சாமி ஜபமாலையை உருட்டினார்.

மடத்தில் எல்லோரும் அதைக் கவனித்திருந்தார்கள். கொசுறுக் கறிவேப்பிலைக்காகக் காய்க்காரரிடம் தெருவே கேட்கச் சண்டை போட்டவள் அவள். இப்போது திட்டினால் கோபம் இல்லை. பாராட்டினால் சிரிப்பு இல்லை. இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்குவதில்லை.

"பற்றற்ற நிலை" என்றாள் தவமணி. சீடர்களில் இளையவள். நிறையப் படித்தவள். புத்தகத்தில் இருந்த அடையாளங்கள் எல்லாம் சண்முகத்தாய்க்கு அப்படியே பொருந்தின.

மடத்தின் சமையற்கட்டு கீழே, ஆற்றோரம். கோயிலும் தங்கும் அறைகளும் மேலே. இடையில் இருபத்தொரு படிகள்.

நைவேத்தியம் எடுத்துப் போகும்போது சண்முகத்தாய் ஏழாம் படியில் உட்கார்ந்துவிடுவாள். கண் மூடியிருக்கும். கூப்பிட்டாலும் திறக்காது.

தவமணி ஒரு நாள் அந்தப் படியில் ஒரு நந்தியாவட்டைப் பூவை வைத்தாள். அடுத்த வாரம் யாரோ விளக்கேற்றினார்கள். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் மல்லிகைச் சரம் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

"படியில உக்காந்து என்ன நினைப்பீங்க, அக்கா?" என்று கேட்டார் வடிவு சாமி.

"ஒண்ணும் நினைக்க மாட்டேன். மூச்சு வாங்குதுன்னு உக்காருவேன்."

ஜபமாலை உருட்டிய விரல் நின்றது.

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு இல்லை சாமி. தாடை கடுக்கும். முதுகுல பாரம் வச்ச மாதிரி இருக்கும். கொஞ்சம் குமட்டும். உடம்பும் உலகத்தை விடுதுபோலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"தூக்கம்?"

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துரும். அப்படியே கிடப்பேன். எல்லாரும் அதைத் தியானம்ங்கிறாங்க."

"நீங்க என்னங்கிறீங்க?"

"நான் இல்லாமப் போனா யாருக்கும் சிரமம் இல்லைன்னு தோணும் சாமி. அவ்வளவுதான்."

வடிவு சாமி எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"தவமணி, ஆட்டோவுக்குப் போன் பண்ணு."

"எங்க சாமி?"

"அக்கா காவி கேக்கறாங்க."

ஆட்டோ துணிக்கடையில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நின்றது.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டரம்மா சண்முகத்தாயைத் திருப்பி அனுப்பவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. மறுநாளே சரிசெய்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாதான் இதய நோய்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பொம்பளைங்களுக்குப் பல நேரம் இப்படி அசதியா, தாடை வலியா வரும்."

பிறகு சண்முகத்தாயிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார்.

"மனச்சோர்வும் இருக்கு. அது இதயத்தைக் கெடுக்கும். இதயம் கெட்டா அது கூடும். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்."

"எது முதல்ல வந்தது?" என்றார் வடிவு சாமி.

"அதை என்னால உறுதியா சொல்ல முடியாது."

மாத்திரைகளைப் பார்த்துத் தவமணி திகைத்தாள்.

"ஞானத்துக்கு மாத்திரையா சாமி?"

சண்முகத்தாய்க்கும் பயமாக இருந்தது.

"இதைப் போட்டா என் நிலை போயிருமே சாமி. அது ஒண்ணுதானே எங்கிட்ட இருக்கு."

"மாத்திரைக்குப் போற ஞானம் நமக்கு எதுக்கு அக்கா?"

வடிவு சாமி தண்ணீரை நீட்டினார்.

முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. மடத்து அறையிலிருந்து கோயில் வாசல்வரை நடந்தாள். பிறகு ஆலமரம்வரை. தினமும் வடிவு சாமி கூட நடந்தார். உபதேசம் செய்யவில்லை. மாதம் இருமுறை டாக்டரம்மா சொன்ன மனநல ஆலோசகரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனார்.

ஒருமுறை திரும்பி வரும் வழியெல்லாம் சண்முகத்தாய் அழுதாள். தவமணி பயந்துபோனாள். வடிவு சாமி ஜன்னலோர இடத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்.

ஏழாம் படியில் பூ வைப்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

சித்திரை மாதம். ஒரு காலையில் தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடிவந்தாள்.

"சாமி, அக்காவோட நிலை போயிருச்சு!"

"என்ன ஆச்சு?"

"கீழ இறங்கி வந்து என் சாம்பாரை ருசி பாத்தாங்க. 'யாருடி பெருங்காயத்தை இப்படிக் கொட்டினது, ஆடுகூட மோந்து பாக்காது'ன்னு கத்திட்டாங்க."

"நல்லாக் கத்தினாங்களா?"

"எங்க அம்மாகூட என்னை இப்படித் திட்டினதில்லை."

வடிவு சாமி பெட்டியைத் திறந்து எதையோ எடுத்தார். படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். சமையற்கட்டில் சண்முகத்தாயின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயோ சாமி! எந்திரிங்க, தரையெல்லாம் புளித்தண்ணி."

சாமி எழுந்தார். மேலெல்லாம் புளி. கையிலிருந்த மடித்த காவித்துணியை நீட்டினார்.

"நீங்க கேட்டது அக்கா."

சண்முகத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"பெட்டியிலேயே இருக்கட்டும் சாமி. இன்னைக்குச் சந்தை. மாம்பழம் வந்திருக்கும்."

பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

ஏழாம் படியில் நின்றாள்.

தவமணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மூச்சு முட்டுதாக்கா?"

"இல்லடி. இது யாருக்கு?"

படியில் அன்று காலை வைத்த மல்லிகைச் சரம்.

"உங்களுக்குத்தான்கா. இங்கதானே சமாதியில உக்காந்திருந்தீங்க."

சண்முகத்தாய் குனிந்தாள். சரத்தை எடுத்தாள். கொண்டையில் சூடிக்கொண்டாள்.

"அக்கா! அது பூஜைப் பூ!"

"எனக்குன்னுதானேடி சொன்னே?"

மீதிப் பதினான்கு படிகளையும் நிற்காமல் ஏறினாள். உச்சியில் திரும்பினாள். ஏழாம் படியில் புளிக்கறையோடு நின்ற குருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"சாமி, ஒரு பை பத்தாது. இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க!"