கோடையில் கச்சேரி வைத்த கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது, பிள்ளைகளே. காட்டில் கரடி இருக்காமல் கடைத்தெருவிலா இருக்கும் என்று கேட்காதீர்கள். இந்தக் கரடி கொஞ்சம் வேறு மாதிரி. அதன் பெயர் சடையாண்டி. அதற்கு வெளியே ஊர்சுற்றவும் பிடிக்கும், வீட்டில் உட்கார்ந்து கடம் வாசிக்கவும் பிடிக்கும்.

கடம் என்றால் பானைதான். ஆனால் சோறு ஆக்குகிற பானை இல்லை. கெட்டியாகத் தட்டி, நன்றாகச் சுட்ட பானை. மடியில் வைத்து விரலால் தட்டினால் கணீர் என்று கேட்கும். அதன் வாயை வயிற்றோடு சேர்த்து அமுக்கித் தட்டினால் கும் என்று அடங்கும். வயிற்று விஷயத்தில் கரடிக்கு என்ன குறை?

வெயில் காலம் வந்துவிட்டால் சடையாண்டி குகையில் தங்காது. மலை ஏறும். தேன் எடுக்கும். வழுக்குப்பாறையில் உட்கார்ந்து சர்ரென்று கீழே சறுக்கும். உடனே எழுந்து மறுபடியும் ஏறும். உட்காருகிற இடத்தில் மயிரெல்லாம் தேய்ந்துபோயிற்று, அதற்காக அது ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் சறுக்கலை மூட்டை கட்டிவிட்டுக் குகைக்குள் வந்து கடத்தை எடுக்கும். பாட்டுக்குக் கொப்புளான் வரும். கொப்புளான் ஒரு தவளை. அதற்குத் தெரிந்தது ஒரே சுரம்.

"இன்றைக்கு என்ன பாடப் போகிறாய், தம்பி?" என்று கரடி கேட்கும்.

"நேற்றுப் பாடியதைத்தான், அண்ணே."

"ஆகா, எனக்குப் பிடித்த பாட்டு."

மழைக்காலம் முழுக்க இப்படியே போகும். மழை விட்டு மண் காயத் தொடங்கியதும் கொப்புளான் ஈரமண்ணைத் தோண்டி உள்ளே இறங்கி, வாசலை அடைத்துக்கொண்டு, அடுத்த மழை வரைக்கும் தூங்கும். சடையாண்டி கடத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மலைக்குக் கிளம்பும். இரண்டு பேருக்கும் ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நம் சடையாண்டிக்கு ஊதச் சொல்லிக் கொடுக்க ஒரு நரி வந்து சேர்ந்தது. அதன் பெயர் வாலாயுதம். கேட்காமலே யோசனை சொல்வதுதான் அதற்குத் தொழில்.

சித்திரை மாதம். சடையாண்டி ஒரு தேனடையை அணைத்துக்கொண்டு பாறை உச்சியில் சறுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது.

"வித்வான் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றது வாலாயுதம்.

"சறுக்கப் போகிறேன்."

"அப்படியானால் கடம்?"

"அது குகையில் இருக்கிறது. மழை வந்தால் எடுப்பேன்."

நரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டது. "அடக் கொடுமையே. மழைக்கு மட்டும் பானையை எடுக்கிறவர் வித்வானா? கூரை ஒழுகுகிற வீட்டில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்."

கரடிக்குச் சுருக்கென்று தைத்தது. "அதற்காகச் சறுக்குவதை விட்டுவிடச் சொல்கிறாயா?"

"எதற்காக விட வேண்டும்? காலையில் சறுக்குங்கள். சாயங்காலம் வாசியுங்கள். வருடம் முழுக்க இரண்டும் நடக்கட்டும்."

"பாட்டுக்குக் கொப்புளான் வேண்டுமே. அவன் மழை பெய்தால்தான் எழுந்திருப்பான்."

"மழையைப் பெய்யவைத்தால் போயிற்று. அதற்கு வழி இருக்கிறது. ஆனால் தொண்டை உலர்ந்துவிட்டது, வார்த்தை வர மாட்டேன் என்கிறது" என்று சொல்லி நரி தேனடையைப் பார்த்தது.

ஆசை யாரை விட்டது? கரடி தேனடையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. நரி அதை நக்கிக்கொண்டே வழியைச் சொன்னது.

சடையாண்டி நேராகப் பெரியநாயகி என்ற யானையிடம் போயிற்று. யாராவது ஏதாவது கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த யானைக்குத் தெரியாது.

"அத்தை, கொஞ்ச நேரம் மழையாக இருக்க வேண்டும்."

"இருக்கிறேனே. தூறலா, அடைமழையா?"

"முதலில் தூறல். தவளை எழுந்த பிறகு அடைமழை."

"இடி வேண்டாமா?"

"இடியை நான் கடத்தில் பார்த்துக்கொள்கிறேன்."

"மின்னல்?"

"அவன் மண்ணுக்குள் இருக்கிறான் அத்தை. மின்னல் யாருக்குத் தெரியப் போகிறது?"

யானை வற்றிக்கொண்டிருந்த குட்டையில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சி, கொப்புளான் தூங்குகிற இடத்தில் புஸ்ஸென்று தூவியது. கரடி கடத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு இடி மாதிரித் தட்டியது. இதைக் கேட்ட எறும்புகள், "ஐப்பசி வந்துவிட்டது, ஓடுங்கள்" என்று முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறின. எங்கிருந்தோ ஒரு மயில் ஓடிவந்து தோகையை விரித்தது. பிறகு அண்ணாந்து பார்த்தது. வெயில் கண்ணைக் குத்தியது.

"மேகம் எங்கே?" என்றது மயில்.

"வந்துகொண்டே இருக்கிறது. நீ ஆடு" என்றது தேனடையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த நரி.

சொன்னால் கேட்டுக்கொள்கிற மயில் அது. ஆடத் தொடங்கிவிட்டது.

மண் நெகிழ்ந்தது. கொப்புளானின் தலை வெளியே வந்தது. கண் பாதிதான் திறந்திருந்தது.

"அதற்குள் ஐப்பசியா அண்ணே? இப்போதுதானே படுத்தேன்."

"தூங்குகிறவனுக்கு நாள் போவதா தெரியும்? பாடு, தம்பி."

கொப்புளான் தொண்டையை உப்பிக்கொண்டு பாடியது. அதே சுரம்தான். சித்திரையில் அதைக் கேட்கக் கரடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணை மூடிக்கொண்டு தனி ஆவர்த்தனத்தில் இறங்கிவிட்டது. விரல்கள் பறந்தன. அது கண்ணைத் திறந்து பார்த்தபோது மழை நின்றிருந்தது.

"குட்டையில் சேறுதான் மிச்சம். சேற்று மழை பெய்தால் பரவாயில்லையா?" என்று கேட்டது யானை.

"மழை ஏன் நின்றுபோயிற்று அண்ணே?" என்றது தவளை.

"இடைவேளை" என்றது கரடி.

"இடைவேளையில் இவ்வளவு வெயிலா?"

கொப்புளானின் முதுகு காய்ந்து இழுத்துக்கொண்டது. அது ஒருமுறை சுற்றிலும் பார்த்தது. எல்லாம் பழுப்பு இலை.

"உண்மையைச் சொல்லுங்கள், அண்ணே. இது என்ன மாதம்?"

"சித்திரை" என்றது கரடி, மிக மெதுவாக.

கொப்புளான் தன் பொந்தைத் தேடியது. பொந்தின் மேல் பெரியநாயகி அத்தையின் கால் இருந்தது. "மன்னித்துக்கொள் கண்ணு" என்று யானை காலை எடுத்தது. பொந்து இருந்த அடையாளமே இல்லை. வேறு இடத்தில் தோண்டலாம் என்றால் மண் கல்லாகக் கிடந்தது.

"தோல் காய்ந்தால் எனக்கு உயிர் தங்காது, அண்ணே" என்றது கொப்புளான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கரடி நரியிடம் ஓடியது. "தம்பியைத் திரும்பத் தூங்கவைக்க ஒரு வழி சொல்."

வாலாயுதம் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. "நான் சொன்னது எழுப்புகிற யோசனை. தூங்கவைக்கிற யோசனை தனி. இன்னொரு தேனடை இருக்கிறதா?"

தேனடைக்கு மலை உச்சிவரை போக வேண்டும். போய் வருவதற்குள் தவளை அப்பளம் ஆகிவிடும். கரடி தன் கடத்தைப் பார்த்தது. உள்ளே தண்ணீர் ஊறினால் கடத்தின் நாதம் கெட்டுவிடும் என்று அதற்குத் தெரியும். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடிப் போய், பாறை இடுக்கில் இருந்த சுனையில் கடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கொப்புளானைத் தூக்கி உள்ளே விட்டது.

கடத்தின் வாயில் காதை வைத்துக் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது அண்ணே. பூச்சி ஏதாவது உண்டா?"

அன்றிலிருந்து சடையாண்டியின் பாடு பெரும்பாடு. சுனையில் விட்டால் தண்ணீர்ப்பாம்பு பிடிக்கும், கீழே வைத்தால் காக்கை கொத்தும் என்று கடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே நடக்க வேண்டும். தேன் எடுக்கக் கை ஏது? ஒருநாள் ஆசை பொறுக்காமல் கடத்தோடு வழுக்குப்பாறையில் உட்கார்ந்து பார்த்தது.

"சாய்க்காதீர்கள், குளம் கொட்டுகிறது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கரடி எழுந்து நடந்தே இறங்கிவிட்டது.

சாயங்காலம் குகைக்கு வந்தால் விரல் துறுதுறுக்கும். லேசாக ஒரு தட்டுத் தட்டும்.

"யார் அது கதவைத் தட்டுவது? நானே தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கிறேன்" என்னும் கொப்புளான்.

வளைக்குள் தூங்கிப் பழகிய தவளைக்குத் தண்ணீரில் தூக்கம் பிடிக்குமா? இரவும் பகலும் முழித்துக்கொண்டே கிடந்தது. கரடி ஈப் பிடித்துப் போடும், சுனைத் தண்ணீர் மாற்றும், மறுபடி ஈப் பிடிக்கப் போகும். வெளியே சறுக்கலும் இல்லை, வீட்டில் வாசிப்பும் இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கோடை கழிந்தது.

"போகட்டும், ஐப்பசி வரட்டும். இந்த வருடம் என் தம்பியோடு ஒரு கச்சேரி செய்கிறேன் பார், காடே கிறுகிறுத்துப் போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரடி நாளை ஓட்டியது.

ஐப்பசி வந்தது. மேகம் கறுத்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஈரம் வேண்டிய மட்டும் இருந்தது. கரடி கடத்துத் தண்ணீரை மெல்லச் சாய்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தது.

"தம்பி, மழை. எழுந்து பாடு."

"யார், பெரியநாயகி அத்தையா?"

"இல்லையப்பா, நிஜ மழை. மேகத்திலிருந்து வருகிறது."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம், அண்ணே. ஈரக் காற்று வந்ததும் கண்ணைச் சுழற்றுகிறது. இத்தனை மாதமாகத் தூங்கவே இல்லை பாருங்கள். ஒரு சின்னத் தூக்கம் போட்டுவிட்டு வருகிறேன்."

சொல்லி முடிக்கும்போதே குறட்டை வந்துவிட்டது.

வெளியே காட்டுத் தவளைகள் எல்லாம் கூடிப் பாடிக்கொண்டிருந்தன. கரடி கடத்தை மடியில் வைத்து, தட்டுவதற்குக் கையை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. இந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் ஒருமுறை எழுப்பியது போதாதா என்று நினைத்துக்கொண்டு, கையை மெதுவாக இறக்கிப் பானையின் வாயில் ஒரு வாழை இலையைப் போட்டு மூடியது. அப்படியே அதை அணைத்துக்கொண்டு, மழைக்காலம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மயில் நனைந்துகொண்டே குகை வாசலுக்கு வந்தது. "என்ன அண்ணே, மழை வந்தாயிற்றே. கச்சேரி எப்போது?"

"மெதுவாகப் பேசு" என்றது கரடி. "வித்வான் தூங்குகிறார்."

நீதி: தூங்க வேண்டிய காலத்தில் எழுப்பினவனுக்கு, பாட வேண்டிய காலத்தில் குறட்டைதான் கிடைக்கும்.