வாகனத்துக்குச் சுற்றிய துணி

தாமிரபரணிக் கரைப் பெருமாளைத் தோளில் சுமந்து வீதிவலம் வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவர் குழைக்காதர். சுமப்பது மட்டுமா? திருவிழா முடிந்ததும் மர வாகனங்களுக்கு எண்ணெய் பூசி, வெடிக்காதபடி துணி சுற்றி வைப்பவரும் அவரே. அதற்கப்புறந்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அப்படிப்பட்டவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. கட்டியை அறுத்தெடுத்தார்கள், கீமோவை மாத்திரையாகக் கொடுத்தார்கள். கடைத்தெருவில் ஒரு வாய்த்துடுக்கர், "சாமி சுமந்ததுக்குக் கெடச்ச சன்மானத்தப் பாத்தீராவே!" என்று சிரித்தார்.

"தாங்குத தோளுன்னு தெரிஞ்சுதாம்வே குடுத்திருக்காரு" என்றார் குழைக்காதர். அட, என்ன நெஞ்சு பாருங்கள்!

மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தன, தோல் உரிந்தது. களிம்பு பூசுங்கள், மெத்தென்ற பருத்திக் காலுறை போடுங்கள், சூட்டில் நடக்காதீர்கள், எரிச்சல் கூடினால் உடனே வந்து சொல்லுங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ, பெருமாளைச் சுமக்கும் காலுக்குக் களிம்பாவது உறையாவது என்று ஒதுக்கிவிட்டார். சொன்னால், பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளும் கருட சேவைக்குச் சுமக்க விடமாட்டார்களே என்று புண்ணை மறைத்தும் வைத்தார். அங்கேதான் அடியார் தப்புச் செய்தார்.

வாசற்படியில் ரத்தம் தோய்ந்த கால்தடத்தைக் கண்ட மனைவி செங்கமலம், கதவைச் சாத்திவிட்டுப் பொங்கினார். "மர வாகனத்துக்கு எண்ணெ போட்டுத் துணி சுத்துதீகளே, ஒங்க காலு யாருக்கு வாகனமாம்?"

குழைக்காதர் மறுநாளே மருத்துவரிடம் காலைக் காட்டினார். மருத்துவர் மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்தார். இந்த முறை சுமக்கக் கூடாது என்றும் கண்டித்தார். அன்றுமுதல் அடியார் திருநாமம் சொல்லியபடியே களிம்பு பூசினார். அதுவே அவருக்குக் கைங்கரியமாயிற்று.

கருட சேவை வந்தது. தம் தோள் இல்லாமல் பெருமாள் வருவதைக் காணக் காலுறையோடு வாசலில் அமர்ந்திருந்தார். கண்ணீர் நிற்கவில்லை. அவர் வீட்டுக்கு நேரே வந்ததும் பெருமாள் கனத்துப் போனார். சுமந்தவர்கள் ஆனமட்டும் முக்கியும் ஓரடிகூட நகரவில்லை. இறக்கி வைத்தார்கள்.

கோயில் அர்ச்சகரான பட்டர் சடாரியை ஏந்திப் படியேறி வந்தார். குழைக்காதர் பதறிப்போய்க் காலுறையைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதேயும். வாகனத்துக்குச் சுத்தின துணி அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, பெருமாளின் திருவடியாகிய சடாரியை அவர் தலையில் வைத்தார் பட்டர்.

செங்கமலத்துக்கு மெய் சிலிர்த்தது. சாத்திய கதவுக்குள் தாம் சொன்ன சொல் அல்லவா அது! பட்டரையே கேட்டார். "நான் என்ன சொன்னேன்?" என்று விழித்தார் அவர். மறுபடி தோள் கொடுத்ததும் கருடனோ பூப்போல எழுந்துவிட்டார்.

காலமெல்லாம் திருவடியைத் தாங்கியவர் தலையைத் தேடித் திருவடியே வந்தது. குழைக்காதரின் பாதங்களுக்கு நம் வணக்கம்.