பாகனா, உப்பா?

முன்னொரு காலத்திலே வெண்குன்ற நாடு என்றொரு மலைநாட்டைச் சித்திரங்கோன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர். காலையில் ஒரு முடிவு எடுப்பார், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதற்கு நேர்மாறாக இன்னொன்று எடுப்பார். இரண்டையும் சுமக்க அமைச்சர் திருமேனியார் இருந்தார்.

அந்த நாட்டில் தேன் உண்டு, மிளகு உண்டு, உப்பு மட்டும் கிடையாது. அது கடலோரத்து நெடுங்கழிப் பேரரசிலிருந்து வண்டி வண்டியாய் மலையேறி வரவேண்டும். அந்தப் பேரரசின் சேனை ஒருதரம் முகம் கழுவினாலே வெண்குன்றத்து ஆறு வற்றிப்போகும்.

ஒருநாள் அங்கிருந்து சடையன் என்ற யானைப்பாகன் ஓடிவந்து அடைக்கலம் கேட்டான். ஒரு போரில் பேரரசரின் பட்டத்து யானை, பேரரசரையும் சுமந்துகொண்டு, எதிரிக்கு முதுகைக் காட்டி ஓடியிருக்கிறது. அரண்மனைப் புலவர்கள் அதைப் புதுவகை வியூகம் என்று பாடினார்கள். சடையனோ கள்ளுக்கடையில், யானை பயந்து ஓடிற்று என்று சொல்லித் தொலைத்துவிட்டான். உண்மை பேசினால் தலை போகிற அளவுக்கு வளர்ந்த நாடு அது.

ராஜா அடைக்கலம் கொடுத்தார். பத்தாம் நாள் நெடுங்கழித் தூதர் வந்து நின்றார். பாகனைக் கொடுக்காவிட்டால் இனி ஒரு உப்பு வண்டியும் மலையேறாது என்றார். காலையில் அதைக் கேட்ட ராஜா வாளைக் கொண்டுவரச் சொன்னார். மத்தியானம் பாகனைக் கட்டக் கயிறு கொண்டுவரச் சொன்னார்.

தளவாய் ரணசிங்கருக்கு ஒரே குஷி. அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாய்க் கண். தூதர் போர்த்திய பொன்னாடையோடு சபைக்கு வந்திருந்தார்.

"ஒரு பாகனுக்காக ஊரே சப்பென்று சாப்பிடுவதா? கொள்கையை இலையில் போட்டுப் பிசைய முடியுமா?" என்றார்.

"முடியாதுதான்," என்றார் திருமேனியார். "ஆனால் இன்று பாகனைக் கேட்டவர்கள் நாளை மிளகுத் தோட்டத்தைக் கேட்பார்கள். அப்போது யாரைக் கட்டிக் கொடுப்பது?"

ராஜா தாடியைத் தடவினார். "எனக்கு உப்பும் வேண்டும், நல்ல பேரும் வேண்டும். நாளைக்குள் வழி சொல்லும். இல்லையேல் உமது முத்திரை மோதிரம் தளவாய்க்கு."

அன்றிரவு அமைச்சர் யானைக் கொட்டிலுக்குப் போனார். சடையன் எழுந்து, தன்னால் ஊருக்குத் தொல்லை வேண்டாம், தானே போய்விடுவதாகச் சொன்னான். அதைக் கேட்டபின் அவனைக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

மறுநாள் சபையில் அமைச்சர் தூதருக்கு முன் அநியாயத்துக்குக் குனிந்து கும்பிட்டார்.

"பேரரசரைப் பழித்தவனை விடலாமா? கொடுத்துவிடுகிறோம். எங்கள் வழக்கப்படி ஒரு சின்னச் சடங்குதான் பாக்கி. நாளை மிளகுச் சந்தை, எட்டு நாட்டு வியாபாரிகள் வருவார்கள். அவன் என்ன சொன்னான் என்று தாங்களே பறையறைந்து சொல்லவேண்டும். பிறகு அந்தப் போரில் எதிரே நின்றவர்களைக் கூப்பிட்டு, யானை எந்தப் பக்கம் ஓடியது என்று விசாரிப்போம். பாகன் சொன்னது பொய் என்றானதும் கூட்டிப் போகலாம்."

தூதர் முகம் வெளிறியது. அவரும் அந்தப் போரில் இருந்தவர்தான். யானைக்கு முன்னால் ஓடியவர்.

தூதர் பிடிவாதம் பிடித்தால் அடுத்து என்ன சொல்வதென்று அமைச்சருக்கே தெரியாது. மெதுவாகச் சொன்னார்: "ஒருவேளை ஆள் மாறிப்போயிருக்குமோ? முகத்தை ஒருதரம் பார்த்துவிடுங்களேன்."

சடையனை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷம் தினமும் பார்த்த முகத்தைத் தூதர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இவன் இல்லை. எங்கள் பாகன் இன்னும் உயரம்."

அமைச்சர் அதை அப்போதே எழுதவைத்து முத்திரை வாங்கிக்கொண்டார். பேரரசருக்கு நூறு குடம் தேனும், இரு நாட்டு நட்பைப் பற்றி மிக நீளமான ஓலையும் தயாராயின.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. இவன்தான் அவன், நேற்றுத் தூதரே தன்னிடம் அடையாளம் சொன்னார் என்று எழுந்து நின்றார்.

"அப்படியானால் தூதர் பொய் சொல்கிறார் என்கிறீர்," என்றார் ராஜா. "நல்லது. நீரே நெடுங்கழிக்குப் போய்ப் பேரரசரிடம் அதைச் சொல்லிவிட்டு வாரும்."

தளவாய் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அமைச்சர் அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் உப்பு வண்டிகள் வந்தன. மூட்டைக்கு இரண்டு படி மணல் கலந்திருந்தது. பேரரசருக்கும் மனசு ஆறவேண்டாமா? வெண்குன்றத்து ஜனங்கள் சலித்துக்கொண்டே சலித்தார்கள். சடையனும் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தான்.