ஒத்தையா, ரெட்டையா

"மேடம், கடைசிச் செதிலும் செத்துப்போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

சுடலைமுத்து விலகல் படிவத்தை மேசைமேல் வைத்தார். வயசு ஐம்பத்திரண்டு. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டு சிவனே என்று இருந்த மனுஷர், டாக்டர் பட்ட ஆசை பிடித்து விடுப்புப் போட்டு வந்தவர். அவருக்கு வழிகாட்டி ஜெஸிந்தா. வயசு முப்பத்து நாலு. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

விடுப்பு வெள்ளிக்கிழமையோடு சரி. அதற்குள் அணுவளவே கனமுள்ள செதில் ஒன்றில் காந்தத்தை நினைத்தபடி வரவழைத்து, நினைத்தபடி நிறுத்திக் காட்டவேண்டும். காட்டினால் இன்னும் ஒரு வருஷம் உண்டு. இல்லையென்றால் திங்கட்கிழமை பழைய வகுப்பு, பட்டம் கோவிந்தா.

குரோமியம் அயோடைடு என்கிற காந்தப் படிகத்தைச் செல்லோடேப்பால் உரித்து உரித்து நாற்பத்து மூன்று செதில் எடுத்திருந்தார். நாற்பத்திரண்டு காற்றுப்பட்டே பாழ்.

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஜெஸிந்தா.

"குளிரவெச்சு ஒளியை அடிச்சேன். காந்தம் இருந்தா, பட்டுத் திரும்புற ஒளி கொஞ்சம் முறுக்கிக்கிட்டு வரணும். வரலை. வரைபடத்துல கோடு படுத்தே கிடக்கு. சுத்தப் பூஜ்யம்."

"எத்தனை அடுக்கு?"

"ஒத்தை. ஒத்தை அடுக்குல காந்தம் இருந்தே ஆகணும். இல்லைன்னா செத்ததுன்னுதானே அர்த்தம்?"

"ஒத்தைதானா?"

"நிறத்தைப் பார்த்தே சொல்லிடுவேன் மேடம். மூணு வருஷமா இதே பொழப்பு."

ஜெஸிந்தா படிவத்தையும் பார்க்கவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போனார். இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"சார், கதவைத் தள்ளுங்க!"

சுடலைமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறெரிந்து வந்து நிற்கிறவனிடம் இது என்ன விளையாட்டு?

தள்ளினார். அசையவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினார். ம்ஹூம்.

"அசையுதா சார்?"

"இல்லை!"

"அப்போ இந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு எழுதிக்கலாமா?"

"யாரும் இல்லாமலா? அதான் நீங்க அந்தப் பக்கமிருந்து தள்ளுறீங்களே..."



அந்த நேரம் பார்த்து ஜெஸிந்தா கையைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினார். கதவு படாரென்று திறந்தது. சுடலைமுத்து வராந்தாவில் குப்புற விழப் பார்த்தார்.

"அட மடப்பயலே!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். "மேடம், அது ஒத்தை இல்லை, ரெட்டை! ஒரு அடுக்கோட காந்தம் மேல பார்க்குது, இன்னொண்ணோடது கீழ பார்க்குது. கூட்டினா பூஜ்யம் வராம வேற என்ன வரும்?"

சொல்லி முடிப்பதற்குள் ஆள் ஆய்வகத்துக்குள். செருப்பில் ஒன்று வராந்தாவிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை காலை பாலிடெக்னிக் முதல்வர் ஜெஸிந்தாவைப் போனில் கூப்பிட்டார்.

"சுடலைமுத்து இன்னைக்கு வந்து சேரணுமே மேடம். கிளம்பிட்டாரா?"

ஜெஸிந்தா கண்ணாடிச் சன்னல் வழியாக ஆய்வகத்தைப் பார்த்தார். சின்னதாக ஒரு காந்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுடலைமுத்து வோல்டேஜைத் துளி ஏற்றினார். கோடு துள்ளி எழுந்தது. துளி இறக்கினார். படுத்தது. மறுபடி ஏற்றினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி இறக்கினார். வெள்ளிக்கிழமையிலிருந்து இதேதான்.

"இன்னும் ஒரு வருஷம் வரமாட்டார் சார்" என்றார் ஜெஸிந்தா. "முறைச்சிக்கிட்டு நின்ன ரெண்டு பேரை ஒரே பக்கம் பார்க்கவெச்சிட்டார்."