கட்டு அவிழ்க்கும் நாள்

“என் நூலுக்குப் பாயிரம் தர ஏன் தயங்குகிறீர்கள்?” என்று கேட்டார் செவ்வந்திநாதர்.

பதினொரு வருடம் மாடாய் உழைத்து ஒரு நிகண்டு செய்திருந்தார். ஒரு பொருளுக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் ஆசிரியர் ஒரு பாட்டாவது புகழ்ந்து எழுதித் தராத நூலை எந்தச் சபையும் அரங்கேற்ற விடாது. அதுதான் வழக்கம்.

ஆசிரியர் ஆவுடைநாயகம் பொருநை ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடத்தில் இருந்தார். மாணவரைவிட நான்கு வயது இளையவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும்தான் தெரியும். அதனால் நூல் முழுவதையும் செவ்வந்திநாதரே வாசித்துக் காட்டியிருந்தார்.

“திறமைசாலியைச் சொல்லும் சொற்களை மறுபடி வாசியும்.”

“வல்லவர், சமர்த்தர், விற்பன்னர், நிபுணர், வித்தகர், கைதேர்ந்தவர்...” இருபத்தொரு சொல்லையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

“எல்லாம் ஒன்றுதானா?”

“அது எப்படி? ஏட்டில் கற்றுத் தெளிந்தவர் விற்பன்னர். சமயம் பார்த்து நடந்துகொள்பவர் சமர்த்தர். செய்து செய்து பழகியவர் கைதேர்ந்தவர்.”

சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

“பொருள் தெரிகிறது. எதை யாருக்குச் சொல்வது என்று தெரியுமா?”

“தெரியும்.”

ஆசிரியர் இடது கண்ணைத் தொட்டார்.

“இதில் ஊசியால் குத்திப் புரையை ஓரமாகத் தள்ள வேண்டும். வைத்தியரை நீர் அழைத்து வாரும். யாரை அழைத்து வந்தாலும் படுத்துக்கொள்கிறேன். ஏன் இவர் என்று கேட்க மாட்டேன்.”

செவ்வந்திநாதர் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு எழுந்தார்.

*

முதலில் அவர் போனது இராஜரத்தின வைத்தியரிடம். நிபுணர் என்று நாலு சீமையில் பெயர் எடுத்தவர். ஊர் ஊராக வண்டியில் போய் வைத்தியம் பார்ப்பவர். அவர் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் நூறு பேர் காத்துக் கிடந்தார்கள்.

“இதுவரை எத்தனை கண் பார்த்திருப்பீர்கள்?”

“எண்ணி மாளாது.”

“அதில் எத்தனை கண் கெட்டுப்போனது?”

“ஒன்றுகூட இல்லை.”

செவ்வந்திநாதர் அப்படியே குளிர்ந்து போனார். கும்பிட்டு, மடத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

“நாளைக்கே வருகிறேன். கண் கட்டை ஒன்பதாம் நாள் நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள்.”

“நீங்கள் இருக்க மாட்டீர்களா?”

“நான் எந்த ஊரிலும் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை.”

“அப்படியானால் கட்டு அவிழ்ந்த ஒரு கண்ணையும் நீங்கள் பார்த்ததில்லை,” என்றார் செவ்வந்திநாதர். பிறகு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

*

அடுத்த ஊரில் பிச்சாண்டி என்று ஒரு வைத்தியர். வாசலில் கூட்டமே இல்லை. கண் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

“எத்தனை கண் பார்த்திருக்கிறீர்?”

“முப்பத்தொண்ணு சாமி.”

“எத்தனை போனது?”

“நாலு. இந்த அண்ணாச்சி கண்ணு ரெண்டாவது. மத்த மூணு பேரும் இதே தெருவுலதான் இருக்காக.”

“இவர்கள் நடுவில் எப்படி ஐயா குடியிருக்கிறீர்?”

“வேற எங்க போவேன்?”

கண் தெரியாதவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“கைதேர்ந்த ஆளுய்யா,” என்றார். “கூட்டிட்டுப் போங்க.”

*

பிச்சாண்டி வந்தார். இடது கண்ணில் ஊசி குத்திப் புரையைத் தள்ளினார். கட்டு கட்டினார். ஆசிரியரின் கால்மாட்டிலேயே பாய் விரித்துக்கொண்டு, ஆற்றங்கரைப் பக்கம்கூடப் போகாமல் எட்டு நாள் கிடந்தார்.

ஒன்பதாம் நாள் காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு கட்டை அவிழ்த்தார்.

“என்ன தெரியுது சாமி?”

ஆசிரியர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

“ஒன்றுமில்லை.”

“வெளிச்சம்?”

“அதுவும் இல்லை.”

செவ்வந்திநாதருக்கு, இருந்த வெளிச்சத்தையும் ஆள் அழைத்து வந்து கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. பிச்சாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கைதேர்ந்தவர் என்று உம்மை நம்பித்தானே அழைத்து வந்தேன். பாவி, என்ன செய்துவிட்டீர்?”

பிச்சாண்டி கையை விலக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்தபடி இருந்தது.

“குத்தின இடம் சரிதான் சாமி. தள்ளும்போது அரை நெல்லளவு ஆழமாப் போயிட்டேன். இவுகளுக்குப் புரை இளக்கமா இருந்திருக்கு. அது கைக்குத் தெரிஞ்சப்போ தாமசமாயிட்டு. உள்ள ரத்தம் கட்டிட்டு.”

“இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?”

“ரத்தம் கரைஞ்சா பார்வை வந்துரும்னு ஒரு ஆசை. எட்டு நாளும் அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன். இப்போ சொல்லுதேன். தப்பு என்னோடதுதான்.”

செவ்வந்திநாதர் அவர் தோளை விட்டார். வெளியே ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

“செவ்வந்திநாதரே,” என்றார் ஆசிரியர்.

“சாமி.”

“இவருக்கு ஒரு சொல் சொன்னீரே. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறீரா?”

செவ்வந்திநாதர் பிச்சாண்டியின் பக்கம் திரும்பினார்.

“எனக்கு இன்னொரு கண் இருக்கிறது. அதற்கு யாரை அழைத்து வரப் போகிறீர்?”

இதைக் கேட்டதும் பிச்சாண்டி தன் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

செவ்வந்திநாதர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். பிச்சாண்டியின் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். அதைத் திரும்பக் கொண்டுவந்து ஜன்னலடியில் வைத்தார். சுவரோரம் கிடந்த பலகையை வெயில் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டு, ஆசிரியரை அதில் படுக்க வைத்தார். பிறகு தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆசிரியரின் தலையைத் தன் மடியில் வாங்கி இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

“ஊசியைத் தீயில் காட்டுங்கள், வைத்தியரே,” என்றார்.