மூன்று முறை திரும்பி வந்த உளுந்து

கையில் வேலை இருந்தால் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இப்படி வந்து உட்காருங்கள். ரொம்பக் காலத்துக்கு முன்னால், வெண்மணல்பட்டி என்ற ஊரில் உமையாள் என்றொருத்தி மளிகைக் கடை வைத்திருந்தாள்.

அவள் கடையில் அரிசி உண்டு, எண்ணெய் உண்டு, உளுந்து உண்டு. எல்லாம் அந்த ஊர் வயலிலிருந்தும் அந்த ஊர்ச் செக்கிலிருந்தும் வந்தவை. அயலூர்ச் சரக்கை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் ரத்தினசபாபதி என்ற பெருவணிகர் முப்பது வண்டிச் சரக்கோடு வந்து எதிரிலேயே கடை விரித்தார். அதோடு சும்மா இருந்தாரா? நேரே அரசனிடம் போய் நின்றார். "மகாராஜா, ஒரு தெருவுக்கு இரண்டு கடை எதற்கு? நல்ல கடை இருக்கட்டும், மற்றதை மூடச் சொல்லுங்கள்" என்றார்.

அரசன் சாப்பாட்டுப் பிரியன். "இரண்டு கடை உளுந்திலும் வடை சுடுங்கள். தின்று பார்த்துச் சொல்கிறேன்" என்றான்.

ஊர் உழவர்கள் கலங்கிப் போனார்கள். உமையாள் கடை மூடினால் அவர்கள் விளைச்சலை வாங்க வேறு ஆள் கிடையாது. உமையாளோ கொஞ்சமும் அசரவில்லை. "தைரியமா இருங்க. நம்ம உளுந்து தோக்காது" என்றாள்.

சபை கூடியது. அரசன் வணிகர் வடையைக் கடித்தான், மொறுமொறுவென்று இருந்தது. உமையாள் வடையைக் கடித்தான், அதுவும் மொறுமொறுவென்று இருந்தது. மூன்றாம் தடவை இரண்டையும் சேர்த்துக் கடித்தான். வித்தியாசம் தெரியவில்லை, வயிறுதான் நிறைந்தது.

அப்போது வணிகர் குறுக்கிட்டார். "மகாராஜா, இந்தம்மா சொந்த ஊர்க்காரன் என்றால் சொத்தையைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாள். கேட்டுப் பாருங்கள்!"

அரசன் கூட்டத்தைப் பார்த்து, "உமையாள் கடை உளுந்தை விளைவித்தவன் யார்?" என்றான்.

சுடலையாண்டி என்ற உழவன் எழுந்தான். அரசன் எதிரில் நிற்பதையும் மறந்து பொரிந்து தள்ளினான்.

"கண்ணை மூடிக்கிட்டா? மூணு தரம் திருப்பி அனுப்பிட்டாக சாமி! முதத் தரம் ஈரம்னாக. காயவச்சேன். ரெண்டாந்தரம் கல்லுன்னாக. புடைச்சேன். மூணாந்தரம் வண்டு விழுந்திருக்குன்னாக. மொத்தத்தையும் கொட்டிட்டு அடுத்த வெள்ளாமையைக் கொண்டாந்தேன். நாலாந்தரந்தான் வாங்குனாக. அதுவரைக்கும் நான் பட்ட பாடு!"

'படுபாவி, சபையில் மானத்தை வாங்கிவிட்டானே' என்று உமையாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலை குனியவில்லை. "ஆமா, திருப்பினேன். நாளைக்கும் கொறை இருந்தா திருப்புவேன். எங்க ஊர் ஜனம் திங்கிறதாச்சே" என்றாள்.

அரசன் வணிகர் பக்கம் திரும்பினான். "உம் உளுந்தில் வண்டு இருந்தால் யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்?"

வணிகர் உண்மையைச் சொல்லிவிட்டார். "விளைவித்தவன் ஆறு மலைக்கு அப்பால் இருக்கிறான் மகாராஜா. யாரென்று எனக்கே தெரியாது."

"அப்படியானால் அந்த வண்டை என் ஊர்க்காரர்கள் தலையில்தான் கட்டுவீர். உம் கடையை மூடும்!" என்றான் அரசன்.

அன்று மாலையே முப்பது வண்டிகளும் ஊரைவிட்டுக் கிளம்பின. சுடலையாண்டி மட்டும், தான் குறை சொல்லப் போய் அது எப்படி நல்லதாக முடிந்தது என்று புரியாமல், தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனான்.

உங்களுக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: குறையை முகத்துக்கு நேரே சொல்லித் திருத்தக்கூடிய சொந்த ஊர் உழைப்பாளியை ஆதரிப்பதே ஊர் நன்றாகச் சாப்பிட வழி.