குடுவைப் பாசியும் வஞ்சிர மீனும்

தூத்துக்குடிக் கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், முன்பு ஒரு பாசி கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ந்து வந்தது. தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்திருந்ததால் குடுவைத் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது.

அதற்கு ஒரே கவலை. குடுவைகள் வைக்கும் தட்டில் இடமில்லை, எதையாவது கொட்டியாக வேண்டும் என்று உதவியாளர் மிக்கேல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"கடல் மீனோட கொழுப்புல இந்தப் பாசியோட அடையாளம் இருக்கான்னு பாப்போம்ண்ணே. இல்லன்னா ஊத்திருங்க," என்றாள் ஆய்வாளர் பெனிட்டா.

அதற்காக வாங்கி வந்த வஞ்சிரம் ஐஸ் பெட்டியில் கிடந்தது. செத்தும் அதன் மிடுக்கு குறையவில்லை.

"ஏ பாசி, நீ கடலப் பாத்திருக்கியா?"

"இல்ல. இங்கதான் பொறந்தேன்."

"பெறகு எங்கிட்ட என்னத்தத் தேடப் போறாங்க? நான் நெத்திலி மாதிரி மீனத் தின்னு வளந்தவன். பாசியத் தொட்டதே இல்ல."

பக்கத்தில் கிடந்த நெத்திலியும், தன் சாப்பாடு கூனி என்னும் பொடி இறால்தான் என்று சொல்லிவிட்டது.

பெனிட்டா பாசியில் கொஞ்சம் வடித்து, கொழுப்பைப் பிரித்து இயந்திரத்தில் விட்டாள். கொழுப்பிலிருந்த ஒவ்வோர் அமிலத்துக்கும் திரையில் ஒரு முகடு எழுந்தது. அடுத்து வஞ்சிரத்தின் கொழுப்பு. பாசிக்கென்றே உள்ள முகடுகள் அதிலும் எழுந்தன.

"கழுவாத சோதனைக்குழாய்ல ஊத்திருப்பா," என்றது வஞ்சிரம்.

பெனிட்டாவுக்கும் அதே சந்தேகம்தான். புதுக் குழாய்களை எடுத்து முதலிலிருந்து செய்தாள். முகடுகள் அப்படியே வந்தன.

வஞ்சிரம் நெத்திலியை முறைத்தது. நெத்திலி தன் வயிற்றிலிருந்த கூனியை அதட்டிக் கேட்டது. தான் பாசியைத் தின்றுதான் வளர்ந்ததாகவும், இதுவரை யாரும் கேட்கவில்லை என்றும் கூனி சொன்னது.

"இத ஊத்தாதீங்கண்ணே," என்றாள் பெனிட்டா. "அம்புட்டு மீனுக்கும் அடிச்சோறு இதுதான்."

மிக்கேல் குடுவைத் தட்டில் வைத்திருந்த தன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை இறக்கி இடம் விட்டார். பாசிக்குப் பெருமை பிடிபடவில்லை.

வஞ்சிரம் விடுவதாக இல்லை. "இருந்தாலும், வேட்டையாடுனது நான்தான?"

"நீதான்," என்றது பாசி. "வெளைய வச்சது நாங்க."